பழைய பிக்கப்பில் 7-ஆம் சிலிண்டர் மிஸ்ஸிங்: பிளக், ஒயர் எல்லாம் மாற்றியும் தீரவில்லை

#1 மலைப்பாதை

வணக்கம். என்னுடையது 1997 மாடல் பிக்கப். 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) உள்ளது. இதுவரை 2,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஐடிலிங்கில் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுகிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் கலங்கித் தெரிகிறது. ஸ்கேனர் போட்டால் பி0300, பி0307 என்று இரண்டு பழுதுக் கோடு (code) வருகிறது.

எட்டு பிளக், எட்டு ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர் எல்லாவற்றையும் நானே மாற்றினேன். நடுக்கம் அப்படியே இருக்கிறது. அதோடு முன்பு இல்லாத ஒரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. அடுத்து இன்ஜெக்டர் செட்டும் பெட்ரோல் பம்பும் வாங்கலாம் என்று இருக்கிறேன். இந்த எஞ்சினைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் மாற்றட்டும்?

#2 ஸ்பேனர்செட்

தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். பட்டறையில் 30 வருடம் இருந்தவன் என்ற முறையில் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

ஏற்றத்தில் விளக்கு மினுக்கினால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். விளக்கு நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது, அது கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) எரிந்து உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டை உருக்கிவிடும் என்று எஞ்சின் கணினி எச்சரிக்கிறது. மிஸ்ஸிங்கைச் சரி செய்வதற்குள் கன்வர்ட்டரும் அடைத்துக்கொண்டால், எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாகிவிடும்.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களுக்கும் இலகு டிரக்குகளுக்கும் ஓபிடி-2 (வண்டியே தன் பழுதைக் கண்டறிந்து கோடு தரும் முறை) கட்டாயமானது. உங்கள் வண்டி அதற்கு அடுத்த வருடத்தது என்பது நல்ல விஷயம். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்ட் லேசாக வேகம் எடுக்கும், எரியாவிட்டால் அந்த இடத்தில் தொய்யும். அந்தத் தொய்வைத்தான் கணினி சிலிண்டர் வாரியாக எண்ணுகிறது. பி0300 என்பது பொதுவான மிஸ்ஸிங். பி0307 என்றால் 7-ஆம் சிலிண்டரையே கைகாட்டுகிறது என்று பொருள். பெட்ரோல் பம்ப் எட்டு சிலிண்டருக்கும் பொது, அது கெட்டால் ஏழாவது மட்டும் ஏன் அழ வேண்டும்?

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். மிஸ்ஸிங் குளிர்ந்த எஞ்சினிலா, சூடானதிலா, இரண்டிலுமா? சுமை இல்லாமல் 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் கூடுகிறதா, குறைகிறதா? ஸ்கேனரில் சிலிண்டர் வாரி மிஸ்ஃபயர் எண்ணிக்கை, இரு பக்க ஃபியூயல் டிரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எவ்வளவு? கழற்றிய பழைய பிளக்குகளைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? எண்ணெய் குறைகிறதா?

#3 ரிங்போர்

கடைசிக் கேள்விதான் முக்கியம். 2,86,000 ஓடிய எஞ்சின், ஒரே சிலிண்டர் மிஸ்ஸிங். எண்ணெயும் குறைகிறது என்றால் அந்த சிலிண்டரில் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) போய்விட்டது. எஞ்சினை இறக்கி, போர் பண்ணி (சிலிண்டர் சுவரைக் கடைந்து), புது ரிங் போடுவதுதான் வழி. இதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

#4 மலைப்பாதை

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் சூடானாலும் ஐடிலிங்கில் மிஸ்ஸிங் உண்டு. நின்ற இடத்தில் 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஒரு நிமிட ஐடிலிங்கில் 7-ஆம் சிலிண்டர் எண்ணிக்கை 40-ஐத் தாண்டுகிறது, மற்றவை 0 அல்லது 1. ஃபியூயல் டிரிம் ஐடிலிங்கில் 1, 3, 5, 7 இருக்கும் பக்கம் +8, மறுபக்கம் +1. 2,500-இல் +3, +1.

பழைய பிளக்குகள் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து வைக்கவில்லை. ஏழு பிளக் வெளிர் பழுப்பு நிறம். ஒன்று மட்டும் கறுத்து, நூல் மரை வரை எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறது.

எண்ணெய் குறைகிறது. 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். நெடுநேரம் ஐடிலிங்கில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் நீலப் புகை வருகிறது. ரிங்போர் சொல்வதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எஞ்சின் இறக்கும் அளவுக்கு என்னால் இப்போது முடியாது.

#5 மின்பொறி

ஏற்றத்தில் வெட்டுவது ஒயர் மாற்றிய பிறகுதான் வந்தது என்கிறீர்கள். அதை முதலில் தனியாகப் பிரித்துவிடலாம். புது ஒயர்களை எப்படி ஓட்டியிருக்கிறீர்கள்? பழைய ஒயர்களைத் தாங்கிய பிளாஸ்டிக் பிடிப்புகள் இருக்கின்றனவா? 5-ஆம் ஒயரும் 7-ஆம் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றனவா என்று பாருங்கள்.

#6 மலைப்பாதை

பிடிப்புகள் பழசு, கழற்றும்போதே நொறுங்கிவிட்டன. பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்து நான்கு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டினேன். 5-உம் 7-உம் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கடைசி வரை ஒட்டிக்கொண்டுதான் போகின்றன. அது தப்பா?

#7 மின்பொறி

இந்த எஞ்சினில் அது தப்புதான். ஆனால் பலரும் செய்வது, மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. 5 எரிந்த உடனே அடுத்து எரிவது 7. இரண்டும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. 5-ஆம் ஒயரில் பல ஆயிரம் வோல்ட் பாயும்போது, அதை ஒட்டி இணையாகப் போகும் 7-ஆம் ஒயரிலும் மின்தூண்டலால் ஒரு வோல்டேஜ் கிளம்பும். அந்த நொடியில் 7-ஆம் பிஸ்டன் எங்கே இருக்கிறது? வி8-இல் ஒரு சிலிண்டருக்கும் அடுத்த சிலிண்டருக்கும் இடையே கிராங்க் 90 டிகிரி சுற்றும். அப்படியென்றால் 7 தன் கம்ப்ரஷனில் பாதி வழிதான் வந்திருக்கும். உள்ளே அழுத்தம் இன்னும் ஏறவில்லை, கலவை மட்டும் நிறைந்திருக்கிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட சின்னப் பொறி போதும். 90 டிகிரி முன்னதாகவே 7 பற்றிக்கொள்ளும், மேலே ஏறும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும்.

சுமை ஏறினால் பிளக்குகளுக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும், தூண்டலும் கூடும். ஏற்றத்தில் மட்டும் வெட்டுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்படியே ஓட்டினால் பிஸ்டன் உடையலாம், விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டைகளை வெட்டிவிடுங்கள். 5-ஐயும் 7-ஐயும் ஒன்றுக்கொன்று தள்ளி, நடுவில் வேறொரு சிலிண்டரின் ஒயர் வருமாறு ஓட்டுங்கள். தாண்டியே ஆக வேண்டிய இடத்தில் இணையாக இல்லாமல் குறுக்காகத் தாண்டட்டும். எல்லா ஒயருக்கும் புதுப் பிடிப்பு போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் எதுவும் படக் கூடாது. இருட்டியதும் போனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது ஒயர்கள் மேல் தண்ணீரைப் புகை போலத் தெளித்துப் பாருங்கள். எங்காவது நீலப் பொறி ஓடினால் அந்த ஒயர் கசிகிறது. ஓடும் எஞ்சினில் எந்த ஒயரையும் கையால் தொட வேண்டாம்.

#8 மலைப்பாதை

இன்று மாலை முழுக்க இதே வேலை. ஒயர்களைப் பிரித்து ஓட்டினேன், 5-க்கும் 7-க்கும் நடுவே 3 போகிறது. இருட்டில் தெளித்துப் பார்த்தேன், எங்கும் பொறி இல்லை. பிறகு நீளமான ஒரு ஏற்றத்தில் ஓட்டினேன். வெட்டல் சுத்தமாகப் போய்விட்டது! விளக்கும் மினுக்கவில்லை. மின்பொறிக்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் ஐடிலிங் நடுக்கம் மாறவே இல்லை. 7-இன் எண்ணிக்கை ஒரு நிமிடத்துக்கு இன்னும் 40 பக்கம்தான் இருக்கிறது.

#9 ஸ்பேனர்செட்

நல்ல வேலை. இப்போது ஒன்று தெளிவாகிவிட்டது. உங்கள் வண்டிக்கு இரண்டு நோய் இருந்தது. ஒன்று பழசு, ஒன்று ஒயர் மாற்றும்போது வந்தது. இரண்டும் ஒரே சிலிண்டரில் விழுந்ததால் ஒரே நோய் முற்றியது போலத் தெரிந்தது. சரி, இப்போது பழைய நோய்க்கு வருவோம்.

2,500 ஆர்பிஎம்மில் மறைகிறது என்று நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். பலவீனமான பொறி என்றால் சுமையில் மோசமாகும். அடைத்த இன்ஜெக்டரும் அப்படித்தான், பெட்ரோல் அதிகம் கேட்கும்போதுதான் குறை தெரியும். உங்களுடையது நேர்மாறாக ஐடிலிங்கில் மோசம், வேகத்தில் சுகம். ஐடிலிங்கில் திராட்டில் (காற்று வரும் கதவு) மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பங்கிடும் குழாய்) வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். எங்கேனும் ஒரு சந்து இருந்தால் காற்று அதன் வழியே பாயும். எஞ்சின் ஏற்கனவே கொஞ்சம் காற்றுதான் உறிஞ்சுகிறது, அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகம் ஏறினால் மொத்தக் காற்று கூடிவிடும், அதே சந்து பெரிதாகப் பாதிக்காது.

எண்ணெய் கசியவிடும் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்), எரிந்த வால்வு, ரிங் இவையும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. ஊகிக்க வேண்டாம், அளப்போம். முதலில் 7-ஆம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பிறகு அதை 5-இல் போட்டு 5-இலிருந்ததை 7-இல் போடுங்கள். மிஸ்ஸிங் கூடவே இடம் மாறினால் பிளக்தான். மாறாவிட்டால் கம்ப்ரஷன்.

கம்ப்ரஷன் பார்க்கும் முறையில் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எட்டு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும். பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்து அல்லது ஆறு சுற்று, ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். பேட்டரி இறங்கினால் கடைசி சிலிண்டர்கள் சும்மாவே குறைவாகக் காட்டும், சார்ஜர் போட்டுக்கொள்ளுங்கள். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும்.

#10 கார்புரேட்டர்காலம்

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். என் பிக்கப் 1984 மாடல், ஆறு சிலிண்டர், கார்புரேட்டர். ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது. எனக்கும் ஐடிலிங்கில் டக், டக் என்று ஒரே தாளத்தில் மிஸ்ஸிங். எந்த சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#11 ஸ்பேனர்செட்

ஸ்கேனர் இல்லாத காலத்திலும் நாங்கள் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்தோம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயையும் தொடாமல் அளக்கும் தெர்மாமீட்டரால் பாருங்கள். எரியாத சிலிண்டரின் வாய் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். அப்புறம் ஒயர் பிடுங்கும் முறை. இன்சுலேட் செய்த இடுக்கியால் ஒரு நேரத்தில் ஒரு ஒயரைப் பிளக்கிலிருந்து எடுங்கள். நல்ல சிலிண்டரை எடுத்தால் எஞ்சின் தடுமாறும், கெட்டதை எடுத்தால் எந்த மாற்றமும் இருக்காது. எடுத்த ஒயரை அந்தரத்தில் தொங்க விடாதீர்கள். பொறி போக வழி இல்லாமல் காயிலின் உள்காப்பு பழுதாகும். எஞ்சின் உடம்போடு சேர்த்த ஸ்பார்க் டெஸ்டரில் மாட்டுங்கள்.

ஒரே தாளம் என்று சொல்கிறீர்கள், அது ஒரு நல்ல துப்பு. வேக்கும் மீட்டர் (மேனிஃபோல்டின் வெற்றிடத்தைக் காட்டுவது) மாட்டிப் பாருங்கள். ஆரோக்கியமான எஞ்சினில் கடல் மட்டத்துக்கு அருகில் ஐடிலிங்கில் முள் 17 முதல் 21 அங்குலம் பாதரசத்தில் அசையாமல் நிற்கும். ஒழுங்கான இடைவெளியில் முள் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. சைலன்சர் வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால், சில நேரம் அது உள்ளே இழுபடுவதைக்கூடப் பார்க்கலாம், எரிந்த எக்ஸாஸ்ட் வால்வின் அடையாளம் அது. எதையும் பிரிக்கும் முன் வால்வு கிளியரன்ஸை மட்டும் அளந்துவிடுங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வும் இதே போலத்தான் காட்டும்.

#12 மலைப்பாதை

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். 7-இல் போட்ட புது பிளக், மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எண்ணெயில் நனைந்திருக்கிறது. பெட்டியில் இருந்த அந்தக் கறுத்த பிளக்கும் 7-இலிருந்துதான் வந்திருக்க வேண்டும். 5-உடன் மாற்றிப் போட்டேன், மிஸ்ஸிங் 7-ஐ விட்டு நகரவில்லை. ஸ்பார்க் டெஸ்டரில் பொறி மற்ற சிலிண்டர்கள் போலவே வலுவாக இருக்கிறது. பெட்ரோல் பிரஷர் மேனுவல் சொல்லும் அளவுக்குள் இருக்கிறது, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியும் விழவில்லை.

கம்ப்ரஷன், பிஎஸ்ஐ கணக்கில்: 1-க்கு 158, 3-க்கு 155, 5-க்கு 152, 7-க்கு 161. மறுபக்கம் 2-க்கு 156, 4-க்கு 160, 6-க்கு 154, 8-க்கு 157. ஏழாவதுதான் எல்லாவற்றிலும் அதிகம்! அப்படியானால் ரிங் நன்றாக இருக்கிறது, இல்லையா?

#13 ரிங்போர்

அவசரப்பட்டு மகிழ வேண்டாம். எண்ணெய் இறங்கும் சிலிண்டரில் அந்த எண்ணெயே ரிங் சந்துகளை அடைத்து கம்ப்ரஷனைத் தூக்கிக் காட்டும். தேய்ந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு அளந்தால் எண் ஏறுவது இதனால்தான். உங்கள் 161-ஐ வைத்து ரிங் நல்லது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

#14 ஸ்பேனர்செட்

ரிங்போர் சொல்வது சரி, முக்கியமான விஷயமும்கூட. லீக்-டவுன் பார்த்துவிடுங்கள் தம்பி. 7-ஆம் பிஸ்டனை கம்ப்ரஷனின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுற்றிவிடாதபடி பிடித்துக்கொண்டு, 100 பிஎஸ்ஐ காற்று கொடுங்கள். எத்தனை சதவீதம் கசிகிறது என்பதைவிட எங்கே கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். திராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்பு).

#15 மலைப்பாதை

நண்பர் ஒருவரிடம் கருவி இருந்தது. 7-ஆம் சிலிண்டரில் கசிவு 12 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க 5-ஐயும் பார்த்தோம், 11. எண்ணெய் மூடியில் மெல்லிய சத்தம் இரண்டுக்கும் ஒரே மாதிரி. திராட்டிலிலும் சைலன்சரிலும் ஒன்றும் இல்லை, ரேடியேட்டரில் குமிழும் இல்லை.

அதோடு வெற்றிடக் கசிவு பார்க்க கார்புரேட்டர் கிளீனரை இன்டேக் மேனிஃபோல்ட் ஓரமெல்லாம் தெளித்தேன், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கு தெளித்தாலும் எஞ்சின் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு வழி தெரியவில்லை.

#16 நெடுவழி

டிரிம் +8 என்பது பழுதுக் கோடு போடும் அளவு இல்லை. கசிவு இருந்தால் இரண்டு பக்கமும் +15, +20 என்று போய், பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171, பி0174 வந்திருக்கும். ஸ்பிரேயும் ஒன்றும் காட்டவில்லை. வெற்றிடக் கசிவை விட்டுவிடலாம். வால்வு கைடு சீல் போயிருக்கும், அதனால்தான் எண்ணெய் இறங்குகிறது.

#17 ஸ்பேனர்செட்

கைடு சீல் நியாயமான சந்தேகம்தான். ஆனால் வெற்றிடக் கசிவை இப்போதே விட்டுவிடக் கூடாது. இந்த இடத்தில் நிறையப் பேர் வழி தவறி எஞ்சினையே பிரித்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வி8-இல் இன்டேக் மேனிஃபோல்ட் இரண்டு ஹெட்டுக்கும் நடுவே பாலம் போல உட்கார்ந்திருக்கிறது. அதன் கேஸ்கெட்டின் மேல் ஓரம் நம் கண்ணுக்குத் தெரியும், ஸ்பிரே அங்கே படும். கீழ் ஓரம் எஞ்சினின் உள்பள்ளத்தைப் பார்த்திருக்கிறது. அங்கே எண்ணெய்ச் சாரல்தான், வெளிக்காற்று கிடையாது. கேஸ்கெட் கீழ் ஓரத்தில் விட்டுப்போனால், சிலிண்டர் கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் அடிப்பகுதி) இருக்கும் காற்றையும் எண்ணெய்ப் புகையையும் சேர்த்து உறிஞ்சும். வெளியே எவ்வளவு ஸ்பிரே அடித்தாலும் அந்தச் சந்துக்குப் போய்ச் சேராது.

இப்போது நெடுவழி எழுப்பிய டிரிம் விஷயம். கிராங்க் கேஸுக்குள் காற்று எங்கிருந்து வருகிறது? காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பிறகு இருக்கும் குழாயிலிருந்து பிரீதர் ஹோஸ் வழியாக. அந்தக் காற்று ஏற்கனவே எண்ணப்பட்ட காற்று. மொத்தக் கணக்கு பிசகாது, எனவே இரண்டு பக்கமும் எகிறாது. ஆனால் பங்கீடு பிசகும். ஏழாவதுக்கு மட்டும் காற்று கூடுதலாகவும் எண்ணெயோடும் போகும். எரியாத காற்று அந்தப் பக்கத்து ஆக்சிஜன் சென்சாரைத் தாண்டும்போது, அது அந்தப் பக்கம் மட்டும் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும். மறுபக்கம் +1, இந்தப் பக்கம் +8, வேகத்தில் +3. எனக்கு இந்த எண்கள் பொருந்துகின்றன.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது பிசிவி வால்வு ஹோஸை (கிராங்க் கேஸ் புகையை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது) கழற்றி, மேனிஃபோல்ட் பக்கத்து வாயை இறுக்கமாக அடையுங்கள். பிரீதர் ஹோஸையும் கழற்றி இரண்டு முனைகளையும் அடையுங்கள். இப்போது கிராங்க் கேஸுக்கு எந்தச் சுவாசமும் இல்லை. எண்ணெய் மூடியைத் திறந்து, அதன் வாயில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டுங்கள். ரிங் ஓரமாக இறங்கும் புகையால் கையுறை மெதுவாக உப்பினால் இயல்பு. உள்ளே இழுபட்டால், ஏதோ ஒரு சிலிண்டர் கிராங்க் கேஸிலிருந்து உறிஞ்சுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஆயில் சீல்கள் பாவம். கையுறை பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனரில் ஐடில் ஏர் வால்வின் (ஐடிலிங்கில் எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு) எண்ணையும் பாருங்கள்.

#18 மலைப்பாதை

கையுறை உள்ளே போய்விட்டது!

நான் நினைத்தது போல லேசாக அல்ல. மாட்டிய பத்து நொடியில் விரல்கள் ஐந்தும் உள்பக்கமாகத் திரும்பி, குழாய்க்குள் இழுபட்டு நின்றன. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்றிலும் அப்படியே. ஐடில் ஏர் வால்வு 2 முதல் 4 வரை காட்டுகிறது, கிட்டத்தட்ட முழுக்க மூடிக் கிடக்கிறது. வேறு வழியில் காற்று வருவதால் கணினி இதை மூடிவிட்டதா?

#19 ஸ்பேனர்செட்

ஆமாம், அதேதான். இனி தைரியமாக மேனிஃபோல்டைக் கழற்றலாம். இப்போது கழற்றுவதற்குக் காரணம் இருக்கிறது.

கூலன்ட்டை முதலில் வடித்துவிடுங்கள், இந்த மேனிஃபோல்டுக்குள் அதுவும் ஓடுகிறது. பெட்ரோல் லைனின் பிரஷரை இறக்கிவிட்டு, பேட்டரியைத் துண்டியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுக்கும் முன் ரோட்டர் எந்தத் திசையை நோக்குகிறது, அதன் உடம்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது இரண்டையும் குறித்துப் படம் எடுங்கள். வெளியே எடுக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும், அந்த இடத்தையும் குறியுங்கள். ஒரு பல் மாறி உட்கார்ந்தால் புது நோய் ஒன்று பிறக்கும். அது வெளியே இருக்கும்போது கிராங்கைச் சுற்றவே கூடாது.

உள்பள்ளத்தில் துணி விரித்துக்கொண்டு பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுங்கள். ஹெட் மேற்பரப்பில் உலோகச் சுரண்டியை அழுத்த வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள சுவர்களில் சிலிகான், நான்கு மூலையிலும் கொஞ்சம் தாராளமாக. போல்ட்டுகளை மேனுவல் தரும் வரிசையில், அது தரும் டார்க்கில், சுற்றுச் சுற்றாக ஏற்றுங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் புது கேஸ்கெட்டும் ஒரு பக்கம் நசுங்கும். எண்ணெயையும் ஃபில்டரையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் கூலன்ட் உள்ளே சொட்டியிருக்கும், பேரிங்குக்கு அது ஆகாது.

#20 மலைப்பாதை

இரண்டு நாள் வேலை முடிந்தது. கழற்றியதும் முதலில் 7-ஆம் வாயைத்தான் பார்த்தேன். கேஸ்கெட்டின் கீழ் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ரப்பர் வரம்பே இல்லை, பொடிந்து போயிருக்கிறது. மற்ற ஏழு வாயும் உலர்ந்து சாம்பல் நிறத்தில் இருக்க, 7-ஆவது வாய் மட்டும் எண்ணெயில் பளபளத்தது. இன்டேக் வால்வின் முதுகில் கரி கட்டியாக ஏறியிருந்தது. அதையும் முடிந்தவரை சுத்தம் செய்தேன்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு அடங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று ஆர்பிஎம் முள்ளைப் பார்த்து உறுதி செய்தேன். 7-இன் எண்ணிக்கை பத்து நிமிடத்தில் 0. டிரிம் இரு பக்கமும் +1, +2. ஐடில் ஏர் வால்வு 20-க்கு மேலே வந்துவிட்டது. கையுறையை மறுபடி மாட்டினேன், இந்த முறை மெல்ல உப்பியது.

அண்ணா, உங்களுக்கும் மின்பொறிக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் வாங்க இருந்த இன்ஜெக்டரும் பம்பும் இதில் எதையும் தீர்த்திருக்காது.

#21 ரிங்போர்

எஞ்சினை இறக்கச் சொன்னவன் நான். நீலப் புகை, எண்ணெய்ப் பிளக், அதிகக் கிலோமீட்டர் மூன்றும் சேர்ந்தால் ரிங் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கையுறைச் சோதனை எனக்குத் தெரியாது. என் பட்டறையில் இதே அடையாளத்தோடு ஒரு வண்டி பிரிக்கக் காத்திருக்கிறது. நாளை காலை முதல் வேலையாக அதில் செய்து பார்க்கிறேன்.

#22 கார்புரேட்டர்காலம்

என் 1984 பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெர்மாமீட்டர் 4-ஆம் சிலிண்டரைக் காட்டியது. வேக்கும் முள் ஒரே தாளத்தில் விழுந்தது, காகிதமும் சைலன்சருக்குள் இழுபட்டது. எக்ஸாஸ்ட் வால்வு கிளியரன்ஸ் பூஜ்யம். சரியான அளவுக்கு வைத்தபின் முள்ளின் துடிப்பு பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. கம்ப்ரஷன் மற்றவை 140 பக்கம், 4-ஆவது மட்டும் 95.

#23 ஸ்பேனர்செட்

கார்புரேட்டர்காலம், வால்வு இறுகிக் கிடந்த நாட்களில் அதன் ஓரம் எரிந்திருக்கும். மூடும்போது இருக்கையில் முழுக்க உட்கார்ந்தால்தான் வால்வின் சூடு ஹெட்டுக்கு இறங்கும், உங்களுடையது உட்காரவே இல்லை. லீக்-டவுனில் சைலன்சரில் சீறினால் ஹெட்டை இறக்கி வால்வைப் பாருங்கள். அதற்கு முன் ஹெட்டை இறக்க வேண்டாம்.

மலைப்பாதை தம்பி, உங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. இரண்டு மாதம் மிஸ்ஸிங்கோடும் எண்ணெய்ப் புகையோடும் ஓடியிருக்கிறது. கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 3 பிஎஸ்ஐ தாண்டினால் கன்வர்ட்டர் அடைத்திருக்கிறது.

#24 மலைப்பாதை

பார்த்துவிட்டேன் அண்ணா, 1 பிஎஸ்ஐ கூட வரவில்லை. வேலை முடித்து 1,200 கிலோமீட்டர் ஓடிவிட்டது, டிப் ஸ்டிக்கில் எண்ணெய் வைத்த கோட்டிலேயே நிற்கிறது. 7-ஆம் பிளக்கை நேற்று கழற்றினேன், மற்றவை போல வெளிர் பழுப்பு. இந்த முறை எட்டையும் சிலிண்டர் எண் எழுதி வரிசையாக வைத்துப் படம் எடுத்திருக்கிறேன்.